முதலில் ஆற்றுங்கள், அப்புறம் பேசுங்கள்

ஆறாம் வகுப்பு, மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட், கணக்கு. 41 பிள்ளைகள். மூன்றாவது பெஞ்சில் ஒருவனுடைய ஸ்கேலைப் பக்கத்துப் பையன் கேட்காமல் எடுத்துவிட்டான். நடந்தது அவ்வளவுதான். அடுத்த நிமிடம் ஜியாமெட்ரி பாக்ஸ் சுவரில் மோதிச் சிதறிக் கிடக்கிறது, ஒரு நோட்டு ரெண்டாகக் கிழிந்திருக்கிறது, ஸ்கேலைப் பறிகொடுத்தவன் பெஞ்சை உதைத்துக்கொண்டு கத்துகிறான், மீதி 40 பேரும் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார்கள்.

வேலைக்கு வந்த முதல் சில வருடங்களில் இந்த மாதிரி நேரத்தில் நான் செய்தது ஒன்றுதான்: அவனைவிடச் சத்தமாகக் கத்துவேன். அவன் அடங்குவான், அல்லது அழுவான், அல்லது வெளியே ஓடுவான். மூன்றில் எது நடந்தாலும் அடுத்த வாரம் மறுபடி ஒரு பாக்ஸ் பறக்கும். ஏன் என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. புதிதாக ஆசிரியர் வேலைக்கு வருகிறவர்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உளவியல் படித்தவர்கள் இதை ‘எமோஷனல் டிஸ்ரெகுலேஷன்’ என்பார்கள். நாம் உணர்ச்சி கட்டுமீறிப் போவது என்று சொல்லிக்கொள்ளலாம். கோபம் வருவதே பிரச்சினை என்று இதற்கு அர்த்தமில்லை, கோபம் எல்லாருக்கும் வரும், வர வேண்டிய இடத்தில் வரத்தான் வேண்டும். இங்கே பார்க்க வேண்டியது வேறு. காரணம் கடுகளவு, கொந்தளிப்பு மலையளவு. மற்றப் பிள்ளைகள் ரெண்டு நிமிடத்தில் மறந்துவிடுவதை இந்தப் பிள்ளையால் அரை மணி நேரமானாலும் விட முடியவில்லை. அந்த நேரத்தில் நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறவில்லை. இது அடிக்கடி நடக்கிறது என்றால் அந்தப் பிள்ளைக்குத் தன் உணர்ச்சியைத் தானே கீழே இறக்கிக்கொள்ளத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இது ஒரு நோயின் பெயர் இல்லை. ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்), ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பதற்றம் இவற்றோடும் வரலாம். வீட்டில் தினமும் நடக்கும் சண்டை, ஒரு சாவு, பசி, தூக்கமின்மை இவற்றாலும் வரலாம். எது என்று கண்டுபிடித்து முத்திரை குத்துவது நம் வேலை இல்லை. அந்த 40 நிமிட பீரியடுக்குள் என்ன செய்வது என்பதுதான் நம் வேலை.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஆபத்து என்று பட்டால் மணி அடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மணி அடித்ததும் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் முறுக்கேறும்: சண்டை போடு, இல்லையென்றால் ஓடு. வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் நூறு வருடங்களுக்கு முன்னாலேயே விவரித்துவிட்ட விஷயம் இது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் ‘சரி, இது வெறும் ஸ்கேல்’ என்று சொல்லி அடக்க வேண்டியது. ஆனால் அந்தப் பகுதி முழுசாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும், பதினோரு வயதில் அது பாதி கட்டிய வீடு. கட்டிய பாதியும் மணி பலமாக அடிக்கும்போது சரியாக வேலை செய்யாது. அதனால்தான் “ஏன்டா இப்படிப் பண்ணின?” என்று அந்த நேரத்தில் கேட்டால் பதில் வருவதில்லை. அவன் திமிரில் பேசாமல் நிற்கவில்லை, பதில் சொல்ல வேண்டிய இடம் அப்போது மூடியிருக்கிறது.

இன்னொன்று, மணி நின்றாலும் உடம்பு உடனே அடங்காது. முகம் சாதாரணமாகிவிடும், ஆனால் உள்ளே இருபது நிமிடமோ அதற்கு மேலோ கொதி இருக்கும். அந்த இடைவெளியில் “சரி, இப்ப அவன்கிட்ட ஸாரி சொல்லு” என்று நிற்கவைத்தீர்கள் என்றால் ரெண்டாவது தடவை வெடிக்கும், முதல் தடவையைவிடப் பெரிதாக. நான் இதைப் பல தடவை செய்து பார்த்திருக்கிறேன்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. காபி ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல். ஆறுவது தானாக நடப்பது, ஆற்றுவது இன்னொருவர் செய்வது. காபியை மிரட்டி ஆறவைக்க முடியாது, டம்ளருக்கும் டவராவுக்குமாக ஊற்றித்தான் ஆற்ற வேண்டும். குழந்தைக்கும் அப்படித்தான். பிறந்த குழந்தைக்குத் தானாக ஆறத் தெரியாது. யாராவது தோளில் போட்டுத் தட்டி, தொட்டிலை ஆட்டி ஆற்றுகிறார்கள். அப்படி ஆயிரம் தடவை ஆற்றப்பட்ட பிறகுதான் அது தானாக ஆறக் கற்றுக்கொள்கிறது. அந்த ஆயிரம் தடவை கிடைக்காத பிள்ளைகள் உண்டு, கிடைத்தும் போதாத உடல்வாகு கொண்ட பிள்ளைகளும் உண்டு. அவர்கள் ஆறாம் வகுப்புக்கு வரும்போது பாடப்புத்தகத்தோடு சேர்த்து இந்த மீதிப் பாடத்தையும் நம்மிடம் கொண்டுவருகிறார்கள். உளவியலில் இந்த ஆற்றும் வேலைக்கு ‘கோ ரெகுலேஷன்’ என்று பெயர்.

அப்படியானால் பாக்ஸ் பறந்த அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

முதல் வேலை உங்களுக்கு நீங்களே செய்துகொள்வது. உங்கள் அமிக்டலாவும் அப்போது மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும், 40 பேர் முன்னால் மானம் போகிறது என்று. ஒரு மூச்சு, வெளியே விடுவது உள்ளே இழுப்பதைவிட நீளமாக. இதில் மந்திரம் எதுவும் இல்லை, மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும், உடம்பின் அமைப்பே அப்படி. பிறகு குரலை இறக்குங்கள். உங்கள் குரல் மேலே போனால் அவன் இன்னும் மேலே போவான், நீங்கள் கீழே வந்தால் உடனே வராவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் அவனும் இறங்குவான். அவன் முகத்துக்கு நேராக, இடுப்பில் கைவைத்து நிற்காதீர்கள். பக்கவாட்டில் நில்லுங்கள், முடிந்தால் பெஞ்சில் உட்கார்ந்துவிடுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். காம்பஸ், கத்தரிக்கோல் மாதிரி எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள், பக்கத்துப் பிள்ளைகளை நகர்த்துங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் அந்தப் பிள்ளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், இதில் இரண்டு பேச்சே கிடையாது.

அடுத்தது கூட்டத்தைக் கலைப்பது. நம் வகுப்பறைகளில் இதுதான் பாதி வேலை. 40 ஜோடிக் கண்கள் பார்க்கும்போது எந்தப் பையனும் இறங்கிவர மாட்டான், இறங்கினால் தோற்ற மாதிரி. “எல்லாரும் அடுத்த கணக்கைப் போடுங்க, அஞ்சு நிமிஷத்துல பாக்கறேன்” என்று சொல்லி அவர்கள் கண்களை நோட்டுக்குத் திருப்புங்கள். எல்லாரும் திரும்ப மாட்டார்கள்தான், முக்கால்வாசிப் பேர் திரும்பினாலே போதும்.

அவனிடம் பேசுவது ரொம்பக் குறைவாக இருக்கட்டும். “ரொம்பக் கோவம் வந்துருச்சு போல. நான் இங்கதான் இருக்கேன்.” அவ்வளவுதான். அறிவுரை, கேள்வி, அக்கா எப்படிப் படித்தாள் தெரியுமா, அப்பாவைக் கூப்பிடட்டுமா, எதுவும் வேண்டாம். கொஞ்சம் இறங்கியதும் ரெண்டே ரெண்டு வழி கொடுங்கள், ரெண்டும் உங்களுக்குச் சரிப்படுகிற வழியாக: “இங்கயே உக்காந்துக்கறியா, ஜன்னல் பக்கம் போய் உக்காந்துக்கறியா?” தேர்ந்தெடுக்க முடிகிறது என்றாலே மூடியிருந்த முன்மூளை திறக்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம்.

‘மூச்சை நல்லா இழுத்து விடு’ என்று கொந்தளிப்பின் உச்சத்தில் சொல்வது வீண், நீச்சல் தெரியாதவன் முங்கும்போது கரையில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுப்பது மாதிரி. அதை எல்லாரும் அமைதியாக இருக்கும்போது பழக்க வேண்டும். நான் காலையில் வருகைப்பதிவு எடுத்து முடித்ததும் வகுப்பு முழுவதையும் சூடான டீயை ஊதுகிற மாதிரி ஐந்து தடவை ஊதச் சொல்கிறேன். முதல் வாரம் சிரித்தார்கள், எச்சில் தெறித்தது, ஒருவன் விசில் அடித்தான். இப்போது நான் மறந்தால் அவர்கள் ஞாபகப்படுத்துகிறார்கள்.

உண்மையில் பெரிய வேலை வெடிப்பதற்கு முன்னால் இருக்கிறது. பால் பொங்குவதற்கு முன் ஓரத்தில் நுரை கட்டுமே, அது மாதிரி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒருத்தன் காலை ஆட்டுவான், ஒருத்தி நோட்டின் ஓரத்தைச் சுரண்டுவாள், ஒருவன் பேனா மூடியைக் கடிப்பான், இன்னொருவன் பத்து நிமிடத்தில் மூன்று தடவை தண்ணி குடிக்கப் போகட்டுமா என்று கேட்பான். அந்த நிலையில் அடுப்பைக் குறைத்தால் போதும். எனக்கு ரொம்பக் கைகொடுத்தது ரெஜிஸ்டர் தந்திரம்: “கண்ணு, இந்த ரெஜிஸ்டரை ஹெச்.எம். ரூம்ல குடுத்துட்டு வா.” ரெஜிஸ்டரில் அவசரமாக எதுவும் இருக்காது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு எழுந்து நடக்க ஒரு காரணம், அதுவும் கௌரவமான காரணம் கிடைத்துவிடுகிறது. நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வது இன்னும் நல்லது, கனமான வேலை செய்தால் உடம்பு கொஞ்சம் தணிகிற மாதிரி எனக்குப் படுகிறது. பசியையும் மறக்காதீர்கள். 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு. ஆறாம் வகுப்பில் பல பேர் வெறும் டீயோடு வந்து மதியச் சத்துணவுக்காகக் காத்திருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடில் சண்டை அதிகமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. என் அலமாரியில் ஒரு பிஸ்கட் பாக்கெட் எப்போதும் இருக்கும். எந்த உளவியல் புத்தகத்தையும்விட அது அதிகம் சண்டைகளைத் தீர்த்திருக்கிறது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இப்போது அந்தப் பையனுக்கு வருகிறேன். ஸ்கேல் எடுத்ததற்கா அவ்வளவு கோபம் என்று யோசித்து, ரெண்டு வாரம் ஒரு ரஃப் நோட்டில் குறித்துவைத்தேன். மூன்றே பத்தி: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது. ஒன்பது தடவை வெடித்திருந்தான். அதில் ஏழு தடவை நான் எழுந்து வாசிக்கச் சொல்லும் நேரத்தை ஒட்டி. சாதாரணக் கூட்டல் பெருக்கல் போடும்போது அவன் தங்கம். ‘ஒரு வியாபாரி 15 மூட்டை அரிசி வாங்கினார்’ என்று ஆரம்பிக்கிற கணக்கு வந்தால் நான் வரிசை எண்படி ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கவைப்பேன். அவன் எண் 23. இருபதை நெருங்கும்போதே ஏதாவது ஒன்று பறக்கும். பிறகு நான் அவனை வராண்டாவுக்கு அனுப்புவேன், அவனுக்கு வாசிக்கிற வேலை தப்பிவிடும். ஆக, நான் தண்டனை என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் அவன் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறேன். அவன் திட்டம் போட்டுச் செய்தான் என்று சொல்லவில்லை, உடம்பு கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தால் மூன்றாம் வகுப்புப் பாடமே தடுமாறுகிறது. 40 பேர் முன்னால் அது வெளியே தெரிவதைவிட முரடன் என்ற பெயர் அவனுக்கு மலிவாகப் பட்டிருக்கிறது. தீக்குச்சி ஸ்கேல்தான், ஆனால் வெடிமருந்தைக் கொட்டிவைத்தது நான்.

வரிசை எண்படி வாசிக்கவைப்பதை அன்றோடு விட்டேன். இப்போது ரெண்டு ரெண்டு பேராகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பு ஆசிரியரிடம் சொல்லி அவனுடைய வாசிப்பைப் பார்க்கச் சொன்னேன்.

சத்தம் போடுகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் இல்லையா, வகுப்பில் எல்லாரும் செய்வதும் இதேதான். சண்டை, ஓட்டம் தவிர மூன்றாவது ஒன்று இருக்கிறது: உறைந்துபோவது. கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துப் படுத்துக்கொள்ளும் பெண். கேட்டால் “தலை வலிக்குது மிஸ்” என்பாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், கண் எங்கோ பார்க்கும், வாய் திறக்காது. தொந்தரவு தராத பிள்ளை என்று நாமும் விட்டுவிடுவோம், பெற்றோர் கூட்டத்தில் ‘ரொம்ப அமைதி’ என்று பாராட்டக்கூடச் செய்வோம். பாக்ஸ் எறிகிறவனுக்குள் அடிக்கிற அதே மணிதான் இவளுக்குள்ளும் அடிக்கிறது. இவளைப் பலர் முன்னால் எழுப்பிக் கேள்வி கேட்பது அவனை நோக்கிக் கத்துவதற்குச் சமம். பக்கத்தில் போய், எல்லாருக்கும் பொதுவாகப் பேசிக்கொண்டே அவள் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நான் எழுதுவது பெரும்பாலும் ‘இந்தக் கணக்கை நாளைக்குப் போட்டாலும் சரி’ என்றுதான். பதில் வர மூன்று நாள் ஆகலாம்.

பேச வைப்பதற்கு வார்த்தைகளும் வேண்டும். நம் பிள்ளைகளிடம் ரெண்டு மூன்றுதான் புழக்கத்தில் இருக்கிறது: கடுப்பு, காண்டு, ‘ஒரு மாதிரி இருக்கு’. கூச்சம், ஏமாற்றம், பொறாமை, அவமானம், ஏக்கம், பயம் எல்லாம் ‘காண்டு’ என்ற ஒரே பைக்குள் கிடக்கின்றன. 2007இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர், ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களுக்குக் கோபமான, பயந்த முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லவைத்தார்கள். பெயர் சொன்னபோது அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. அதனால் தமிழ் ஆசிரியரோடு சேர்ந்து ஒரு சார்ட்டில் இருபது உணர்ச்சிச் சொற்களை எழுதி மாட்டினோம். பேசப் பிடிக்காதவர்களுக்கு விரல் கணக்கு: ஒன்று என்றால் சரியாக இருக்கிறேன், ஐந்து என்றால் வெடிக்கப்போகிறேன். நெஞ்சுக்கு நேராக, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்டினால் போதும்.

“அப்ப தப்பு பண்ணினவனுக்குத் தண்டனையே இல்லையா?” என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். கிழித்த நோட்டுக்கு அவன்தான் பொறுப்பு. மாலையிலோ மறுநாளோ, ஆறிய பிறகு, தனியாகக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று அவன் வாயால் சொல்லவைத்து, அடுத்த தடவை வேறு என்ன செய்யலாம் என்று கேட்டு, கிழிந்த பக்கங்களை அவனே எழுதித் தர வேண்டும் என்று முடித்தேன். இரண்டு நாள் இன்டர்வெலில் உட்கார்ந்து எழுதினான். இது அடி வாங்குவதைவிடக் கஷ்டம், அவனே சொன்னான். அடிப்பது பற்றித் தனியாக வாதாடவே வேண்டியதில்லை: 2009இன் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. அந்த இரண்டாவதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம், எல்லார் முன்னாலும் குடும்பத்தை இழுத்துப் பேசுவது அதில்தான் வரும்.

அடுத்த கேள்வி, இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு இதெல்லாம் முடியுமா? அதே சட்டம் ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது, என் வகுப்பில் அதைவிட அதிகம். எல்லாம் முடியாது. ஆனால் ஒரு வெடிப்பு எப்படியும் முழு பீரியடைத் தின்றுவிடுகிறது, அந்தக் கணக்கில் பார்த்தால் ஐந்து நிமிட முன்வேலை லாபம்தான். சில நாள் எதுவும் வேலைக்கு ஆகாது. கை நடுங்கும். அப்போது பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ரெண்டு நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பிள்ளைக்குக் கொடுக்கிற இடைவெளி நமக்கும் செல்லும்.

நம் கைக்கு மிஞ்சியதும் உண்டு. சாவதைப் பற்றிப் பேசினால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால், நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறிவிட்டால், வாரக்கணக்கில் தினமும் வெடித்தால், அது ஆசிரியர் ஒருவர் தனியாகச் சுமக்கிற விஷயம் இல்லை. தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், பெற்றோரை மிரட்டுகிற தொனி இல்லாமல் அழைத்துப் பேசுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் சொன்னால் பிள்ளைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைப் பரிசோதித்து உதவும் மாவட்ட அளவிலான இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைப்பார்கள். பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தால் 2012இன் போக்ஸோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம், விசாரித்து உறுதி செய்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

அந்தப் பையன் மாறிவிட்டானா என்று கேட்டால், போன மாதமும் ஒரு ஸ்கேல் உடைந்தது, அது என்னுடையது. ஆனால் இப்போதெல்லாம் வாரத்துக்கு மூன்று நான்கு தடவை நெஞ்சுக்கு நேராக மூன்று விரல் காட்டுகிறான், நான் ரெஜிஸ்டரை நீட்டுகிறேன். ஹெச்.எம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “உங்க கிளாஸ் ரெஜிஸ்டர் மட்டும் ஏன் ஒரே நாள்ல ரெண்டு தடவை என் ரூமுக்கு வருது?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் போனால் ரெஜிஸ்டரை உடனே திருப்பித் தருவதில்லை, கையெழுத்துப் போடுகிற மாதிரி ஐந்து நிமிடம் புரட்டிக்கொண்டிருக்கிறார்.